எஞ்சின் பெயிண்டின் நிறம் ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய காரின் எஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்து முடித்த பிறகு "இது அந்த நிறம் இல்லையே" என்று தோன்றினால், உடனே கடைக்குப் போய் வேறு கேன் வாங்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். கேனில் இருக்கும் நிறம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடியில் போட்ட பிரைமர், கோட்டின் கனம், நீங்கள் பார்க்கும் வெளிச்சம், எஞ்சினின் சூடு, இவற்றில் ஏதோ ஒன்று அதை வேறு நிறமாகக் காட்டிக்கொண்டிருக்கும். எது என்று தெரியாமல் கேனை மாற்றினால் புதுக் கேனும் அதே கதைதான்.

இங்கே நான் முக்கியமாக எடுத்துக்கொள்வது 1955 முதல் 1970களின் நடுப்பகுதி வரை வந்த செவ்ரோலெட் வி8 எஞ்சின்களின் ஆரஞ்சு. அதிகக் குழப்பம் அதில்தான். ஃபோர்டு, போன்டியாக், கிரைஸ்லர், ஜாகுவார் ஆகியவை தேவைப்படும் இடத்தில் வரும்.

எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

அறிகுறிகளுக்குப் போகும் முன் இதைத் தீர்த்துவிட வேண்டும். இணையத்தில் பார்த்த படத்தோடு ஒப்பிட்டால் அது கேமராவின் நிறம். கண்காட்சியில் பார்த்த காரோடு ஒப்பிட்டால் அது வேறொருவர் வாங்கிய கேனின் நிறம். உங்கள் எஞ்சினிலேயே ஒளிந்திருக்கும் பழைய பெயிண்ட் ஒன்றுதான் நம்பகமான சாட்சி.

செவ்ரோலெட் எஞ்சின்கள் எஞ்சின் ஆலையிலேயே பூட்டி முடித்தபின் பெயிண்ட் அடிக்கப்பட்டன. ஆல்டர்னேட்டர் பிராக்கெட், எஞ்சின் மவுண்ட் போன்றவை பிறகு, கார் ஆலையில் மாட்டப்பட்டவை. ஆகவே அந்த பிராக்கெட்டுகளையும் மவுண்டுகளையும் கழற்றினால், வெயிலும் சூடும் எண்ணெயும் அதிகம் தீண்டாத ஆரஞ்சு அடியில் கிடைக்கும். அதே காரணத்தால் கேஸ்கெட் மூடிய உள்பரப்பில் தேடிப் பயனில்லை. அங்கே பெயிண்ட் போயிருக்கவே முடியாது, கேஸ்கெட்டின் வெளிவிளிம்பில்தான் படிந்திருக்கும்.

கிடைத்த இடத்தை மெல்லிய டீகிரீசரால் துடைத்து, பாலிஷ் பேஸ்ட்டைத் தொட்டு இரண்டு மூன்று முறை மெதுவாகத் தேயுங்கள். மேலே படிந்த பழுப்பு போனதும் தெரிவதுதான் உங்கள் சாம்பிள். அதைக் காப்பாற்றி வையுங்கள். பிளாக்கை (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) பழைய பெயிண்டைக் கரைத்தெடுக்கும் காஸ்டிக் தொட்டிக்கு அனுப்பியபின் ஞாபகம் வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறமிகள் பரவலாகப் புழங்கின. பழைய பெயிண்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், சரியான மாஸ்க் போடுங்கள், அந்தக் கழிவைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் கொட்டாதீர்கள்.

அறிகுறி: நிறம் முழுக்கவே வேறு

ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் நீலமோ, நீலம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்போ தெரிந்தால் அது ஷேடு பிரச்சினை அல்ல. ஒன்று, நீங்கள் எடுத்துக்கொண்ட ஆண்டு தவறு. இல்லையென்றால் அந்த எஞ்சின் அந்தக் காரில் பிறந்ததே இல்லை.

ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 மஸ்டாங்கில் 289 வி8 எஞ்சினின் பிளாக் கருப்பு, வால்வ் கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். 1966 மாடலிலிருந்து எல்லாம் ஒரே அடர் நீலம். ஓராண்டு தள்ளிப்போனால் எஞ்சின் அறையே வேறு மாதிரி இருக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் வெறும் "ஃபோர்டு நீலம்" என்று கேட்டால் வெளிர் நீலத்தை நீட்டிவிடுவார்கள். 1966 முதலான எஞ்சினுக்கு வேண்டியது அடர் ஃபோர்டு நீலம்.

செவ்ரோலெட்டில் ஆரஞ்சுக் காலம் 1976 மாடலோடு முடிந்து, 1977இலிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் பொது நீலம் வந்தது. 1950களின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் சாம்பலும் நீலமும் உண்டு என்பதால், "செவி (செவ்ரோலெட்) என்றாலே ஆரஞ்சு" என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்க முடியாது. கிரைஸ்லரில் 1960களின் சாதாரண எஞ்சின்கள் பல டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) நிறத்தில் இருக்கும். 426 ஸ்ட்ரீட் ஹெமி என்ற அதிசக்தி எஞ்சினுக்குத் தனி ஆரஞ்சு. 1972 வாக்கில் அங்கேயும் நீலம் வந்துவிட்டது. ஹெமி ஆரஞ்சும் செவ்ரோலெட் ஆரஞ்சும் ஒன்று என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சினில் நிறம் வெறும் அலங்காரம் அல்ல, அடையாளம். சி-டைப் சிலிண்டர் ஹெட்டுக்கு (பிளாக்கின் மேல் மூடிபோல உட்காரும் பாகம்) சிவப்பு, பி-டைப் ஹெட்டுக்கு வெளிர் நீலம், ஸ்ட்ரெய்ட் போர்ட் ஹெட்டுக்குத் தங்க நிறம். ஹெட்டில் தப்பான நிறம் அடித்தால், பார்க்கத் தெரிந்தவருக்கு அது பொய்யான பெயர்ப்பலகை.

ஆக முதலில் பிளாக்கில் வார்த்த எண்ணையும், வார்ப்புத் தேதிக் குறியையும் படியுங்கள். எஞ்சின் எந்த ஆண்டுக்கு உரியது என்று உறுதியான பிறகே பெயிண்ட் பேச்சு.

அறிகுறி: ஆரஞ்சுதான், ஆனால் ரொம்பச் சிவப்பு அல்லது ரொம்ப மஞ்சள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

கேனின் பெயரை இன்னொரு முறை படியுங்கள். "செவ்ரோலெட் ஆரஞ்சு" என்றும் "செவ்ரோலெட் ஆரஞ்சு-ரெட்" என்றும் இரண்டு விற்கிறார்கள், அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். மூடியின் நிறத்தை நம்பவே வேண்டாம். அது பிளாஸ்டிக், உள்ளே இருப்பது பெயிண்ட்.

பெயர் சரியென்றால் பிரைமரைப் பாருங்கள். ஆரஞ்சு எனாமல் அடியில் இருப்பதை எளிதில் மறைக்காது. நம் ஊரில் கைக்குச் சுலபமாகக் கிடைப்பது ரெட் ஆக்ஸைடு பிரைமர். அதன் மேல் இரண்டு மெல்லிய கோட் அடித்தால் செங்கல் சாயல் தெரியும். கரும்சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் நிறம் மங்கி அழுக்காகத் தெரியும். வெள்ளை மேல் அடித்தால் மஞ்சள் தூக்கும். மூன்றிலும் கேன் ஒன்றே. வெளிர் சாம்பல் பிரைமர்தான் பொதுவாகச் சரிப்பட்டு வரும், அதையும் எஞ்சின் முழுக்க ஒரே மாதிரி அடித்திருக்க வேண்டும்.

கோட் போதுமா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஒரு தகரத் துண்டை எடுத்துப் பாதிக்குக் கருப்பும் பாதிக்கு வெள்ளையும் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அதன் மேல் உங்கள் ஆரஞ்சை ஒவ்வொரு கோட்டாக அடித்துக்கொண்டே வாருங்கள். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருந்த கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது எத்தனையாவது கோட் என்று பாருங்கள். எஞ்சினுக்கும் அதே எண்ணிக்கை வேண்டும். பிளாக் முழுக்க ஒரே நிறத்தில் இருக்கும்போது, பெயிண்ட் மூடிவிட்டது என்று கண் நம்பிவிடும். இந்தத் தகரம் அப்படி ஏமாறாது.

அப்புறம் வெளிச்சம். பழைய ஆரஞ்சின் நிறமியும் இன்றைய ஆரஞ்சின் நிறமியும் ஒரே வேதிப்பொருள் அல்ல. ஈயம் கலந்த நிறமிகள் ஒதுக்கப்பட்டு அவற்றின் இடத்தில் வேறு நிறமிகள் வந்துவிட்டன. அதனால் டியூப் லைட்டின் கீழ் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்த இரண்டு ஆரஞ்சுகள் வெயிலில் பிரிந்து நிற்கும், தலைகீழாகவும் நடக்கும். ஒப்பிடுவதை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். நேர் வெயில் வேண்டாம், காலை வேளையில் நிழல் விழும் இடம் போதும். சாம்பிளும் தகரமும் ஒரே கோணத்தில், ஒன்றையொன்று தொட்டபடி இருக்கட்டும். எஞ்சின் அறைக்குள் பார்க்கிறீர்கள் என்றால் கார் பாடியின் நிறமும் பிரதிபலித்து ஏமாற்றும். சிவப்புக் காரின் பானெட்டுக்குக் கீழே எந்த ஆரஞ்சும் கூடுதல் சிவப்பாகத்தான் தெரியும்.

இவ்வளவும் பார்த்தபின்னும் ஒத்துவரவில்லை என்றால் அப்போதுதான் கலர் மேட்ச் மெஷினுக்குப் போக வேண்டும். அந்த மெஷினுக்கு வழுவழுப்பான, தட்டையான, சுத்தமான பரப்பு வேண்டும். வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் வைத்தால் நிழலையும் சேர்த்து அளந்துவிடும். தகடால் ஆன வால்வ் கவரில் சூடு படாத ஒரு விளிம்பைப் பாலிஷ் செய்து கொண்டுபோங்கள். மெஷின் தரும் கலவையில் சிங்கிள் ஸ்டேஜ் யூரித்தேன் பெயிண்ட் (மேலே தனியாகக் கிளியர் கோட் தேவைப்படாதது) கலக்கச் சொல்லலாம். சாதாரண ஓட்டத்தில் பிளாக்கின் வெளிப்பரப்பு கூலண்ட் சூட்டை ஒட்டியே இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டுகளை ஒட்டிய இடங்களில் மட்டும் கைவிடும்.

ஒரே கடையில், ஒரே பேட்ச் எண் உள்ள கேன்களாக எல்லாவற்றையும் ஒருசேர வாங்குங்கள். ஒன்று கூடுதலாகவே இருக்கட்டும். பிறகு சுரண்டல் விழும்போது அதன் அருமை தெரியும்.

அறிகுறி: பிளாக் ஒரு நிறம், வால்வ் கவர் ஒரு நிறம்

இரண்டையும் ஒரே கேனால் அடித்திருப்பீர்கள். பிளாக் சொரசொரப்பான வார்ப்பிரும்பு, வால்வ் கவர் வழவழப்பான தகடு. சொரசொரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் மங்கலாகவும் வெளிறியும் தெரியும், தகடு அடர்த்தியாகத் தெரியும். ஆலையிலிருந்து வந்தபோதும் இந்த வேறுபாடு இருந்தது. அதைச் சரிசெய்யப் பிளாக்கில் பட்டி பூசித் தேய்த்து வழவழப்பாக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காத வேலை. வார்ப்பின் தோல் தெரிவதுதான் பழைய எஞ்சினின் அழகு.

ஆனால் வேறுபாடு பளபளப்பில் இல்லாமல் நிறத்திலேயே இருந்தால், வால்வ் கவரைத் தனியாகக் கழற்றி மேசைமேல் வைத்து அடித்தீர்களா என்று யோசியுங்கள். மேசையில் கை நின்று நிதானமாகக் கனமான கோட் விழுந்திருக்கும், பிளாக்கின் இடுக்குகளில் மெல்லியதாக விழுந்திருக்கும். கவர்களை மாட்டி, போல்ட்டுகளையும் முறுக்கி, மொத்தமாக ஒரு கடைசி கோட் அடித்தால் இரண்டும் சேர்ந்துவிடும். ஆலையில் செய்ததும் அதுதான். போல்ட் தலைகளிலும் அதே ஆரஞ்சு இருக்க வேண்டும்.

அறிகுறி: மெட்டாலிக் நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கிறது

1960களின் பிற்பகுதிப் போன்டியாக் வி8களின் வெள்ளி கலந்த வெளிர் நீலத்தில் இது அடிக்கடி வரும். பெயிண்டில் உள்ள அலுமினியத் துகள்கள் எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறும். கிட்டத்தில் பிடித்து ஈரமாக அடித்தால் துகள்கள் உள்ளே மூழ்கி நிறம் கருக்கும். தள்ளிப் பிடித்து உலர்வாக அடித்தால் மேலே மிதந்து வெளுக்கும். எஞ்சினின் மேடுபள்ளங்களில் தூரம் ஒரே மாதிரி இருக்காது, திட்டு விழத்தானே செய்யும்.

கேனை நன்றாகக் குலுக்குங்கள், நடுநடுவிலும் குலுக்குங்கள். இடுக்குகளை முதலில் முடித்துவிட்டு, கடைசி கோட்டை வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி நின்று, எஞ்சினைச் சுற்றி வந்தபடி மெல்லியதாக ஒருமுறை தூவுங்கள். திட்டுகள் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும்.

அறிகுறி: ஓட்டிய பிறகு நிறம் மாறியது

எங்கே மாறியது என்பதில்தான் விடை இருக்கிறது.

சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் இன்டேக் மேனிஃபோல்டின் நடுவில், கார்புரேட்டருக்குப் பக்கத்தில் மட்டும் பழுப்பாகி, பிறகு கருகி உதிர்ந்தால் அது பெயிண்டின் குற்றம் அல்ல. ஸ்மால் பிளாக் செவ்ரோலெட்டில் குளிர்ந்த எஞ்சின் சீக்கிரம் சூடாவதற்காக, எக்ஸாஸ்ட் வாயுவை ஒரு ஹெட்டிலிருந்து மறு ஹெட்டுக்கு இன்டேக்கின் நடு வழியாகக் கடத்தும் பாதை ஒன்று இருக்கிறது. அந்தப் பாதைக்கு நேர் மேலே இருக்கும் பெயிண்ட் வேகத்தான் செய்யும். கடையில் விற்கும் எஞ்சின் எனாமல்கள் சுமார் 260 முதல் 290 டிகிரி செல்சியஸ் வரை தாங்குவதாகத்தான் லேபிளே சொல்கிறது. ஆலையில் அடித்த பெயிண்டும் அதே இடத்தில் கருகியது. பாதையைத் தகடு வைத்து அடைத்தால் பெயிண்ட் பிழைக்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துக் கொடுக்கும் ஆட்டோமேட்டிக் சோக் அந்தச் சூட்டை நம்பி வேலை செய்கிறது என்றால் எஞ்சின் சூடானபின்னும் சோக் திறக்கத் தாமதிக்கும். தினமும் ஓட்டும் காரில் நான் அடைக்கச் சொல்ல மாட்டேன். கருகட்டும், வருடத்துக்கு ஒருமுறை தொட்டுக்கொள்ளலாம்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எஞ்சின் ஆரஞ்சை அடித்திருந்தால் சில நாளிலேயே புகைந்து உதிரும். அங்கே 650 டிகிரி வரை தாங்கும் தனிப் பெயிண்ட் வேண்டும், வார்ப்பிரும்புச் சாம்பல் நிறத்தில் கிடைக்கும். அதற்குப் பிரைமர் போடக் கூடாது என்று லேபிளில் இருந்தால் போடாதீர்கள்.

நீலமும் டர்க்காய்ஸும் எஞ்சின் முழுக்கப் பச்சை பாய்ந்திருந்தால், பெயிண்டைப் பிடித்துவைத்திருக்கும் எனாமல் சூட்டில் மஞ்சளாகிவிட்டது என்று அர்த்தம். நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சை. பழைய சாம்பிளிலும் இதே மஞ்சள் ஏறியிருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். பாலிஷ் செய்யாமல் மெஷினில் வைத்தால் மெஷின் உங்களுக்குப் பச்சை நீலத்தைக் கலந்து கொடுத்துவிடும்.

புதுப் பெயிண்டும் முதல் சூட்டில் கொஞ்சம் நிறம் மாறும். ஆகவே ஒப்பிடும் தகரத்தைச் சுட்டுவிட்டு ஒப்பிடுவது நல்லது. பல எஞ்சின் எனாமல் கேன்களிலேயே சுமார் 93 டிகிரியில் 20 நிமிடம் என்பதுபோலக் குறிப்பு இருக்கும். அதற்கென்று ஒதுக்கிய பழைய டோஸ்டர் அவனில் செய்யுங்கள், சமையலறையில் வேண்டாம்.

அறிகுறி: சுருக்கம்

இரண்டாவது கோட்டைத் தப்பான நேரத்தில் அடித்துவிட்டீர்கள். ஸ்ப்ரே கேன் எனாமல் பலவற்றில், அடுத்த கோட் ஒரு மணி நேரத்துக்குள், இல்லாவிட்டால் ஏழு நாள் கழித்து என்று எழுதியிருக்கும். நடுவில் அடித்தால் மேல் கோட்டின் தின்னர் பாதி காய்ந்த கீழ் கோட்டைக் கிளப்பிவிடும். சுருங்கிய இடத்தைக் காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: குட்டிக்குட்டிக் குழிகள், நடுவில் அடிநிறம் தெரிகிறது

இதை மீன்கண் என்பார்கள். எண்ணெயோ சிலிக்கானோ மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் யாராவது டேஷ்போர்டு பாலிஷ் அடித்தாலும் போதும். துருப் பிடித்த போல்ட்டைக் கழற்ற அடித்த ஸ்ப்ரேயும் காரணமாகலாம். வேக்ஸ் கிரீஸ் ரிமூவரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் வேறு சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது.

அறிகுறி: தோலாக உரிகிறது

உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் பிளாக்கின் நுண்துளைகளில் ஊறியிருந்த எண்ணெய் முதல் சூட்டில் வெளியே வந்திருக்கிறது. ஆரஞ்சு-பழுப்புத் தூள் இருந்தால் கழுவியபின் பிளாக் ஈரத்தில் நின்று மெல்லிய துரு பிடித்திருக்கிறது. கடலோர ஊர்களில் கழுவிய வார்ப்பிரும்பு ஒரு மணி நேரத்தில்கூடச் சிவக்கும். கழுவி, காற்றடித்து, சூடாக்கி, அன்றைக்கே பிரைமர் போட்டுவிட வேண்டும். பின்பக்கம் சுத்தமாக, பளபளவென்று இருந்தால் அது அலுமினியத்திலிருந்து உரிந்த துண்டாக இருக்கும். அலுமினியத்துக்கு செல்ஃப் எட்சிங் பிரைமர் (உலோகத்தைச் சற்று அரித்துப் பிடித்துக்கொள்ளும் பிரைமர்) போன்ற ஒன்று இல்லாமல் பெயிண்ட் சரியாக நிற்காது.

ஃப்யூவல் பம்ப்புக்குக் கீழே மட்டும் மெத்தென்று இளகி உரிந்தால் பெட்ரோல் கசிகிறது. பெயிண்டை விடுங்கள், முதலில் கசிவை நிறுத்துங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் புதுப் பொம்மைபோல இருக்கிறது

நிறம் ஒத்துப்போயும் "ஆலையிலிருந்து வந்ததுபோல இல்லையே" என்று தோன்றினால், பளபளப்பையும் ஓரங்களையும் கவனியுங்கள். ஆலையில் ஓடிக்கொண்டிருந்த வரிசையில் எஞ்சினுக்கு யாரும் அழகு பார்த்து அடிக்கவில்லை. சில இடுக்குகளில் பெயிண்ட் போகவே இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரங்களில் ஆரஞ்சு தெறித்திருக்கும், முதல் ஓட்டத்திலேயே அது கருகிப் போகும். 1974இல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் கார்களை மதிப்பிடும்போது, ஆலையில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன. அங்கே மிதமிஞ்சிய பளபளப்புக்கு மதிப்பெண் கிடைக்காது. கிளியர் கோட் அடித்திருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒருமுறை மேலாகத் தடவி, பளபளப்பைக் குறையுங்கள்.

இந்த வேலையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் தேய்க்கவே கூடாது. செவ்ரோலெட் வி8இன் முன்பக்கம், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலது பக்கச் சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் தட்டையான ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதில் ஆலையின் எழுத்து, மாதம், தேதி, பிறகு எஞ்சின் வகையின் குறி என்று குத்தியிருப்பார்கள். வி (V) என்று தொடங்கினால் ஃப்ளின்ட் ஆலை, டி (T) என்று தொடங்கினால் டோனவாண்டா ஆலை. எழுத்துகளுக்கு அடியில் ஆலையில் அறுத்த மெல்லிய கோடுகள் இணையாக ஓடும். எஞ்சின் அசல்தான் என்று வாங்குகிறவர் நம்புவது அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான். பெயிண்ட் விழுந்திருந்தால் பெயிண்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.